தலைவர் தொலைத்த ஒரே ஆள்

நம் யாத்திரை ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கு,

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. ஒவ்வொரு வருஷமும் பேனாவை எடுப்பேன். எதிர்ச் சுவரில் சந்தனப் பொட்டும் துளசி மாலையுமாகத் தலைவர் படம் இருக்கும். எனக்கும் என் பிள்ளைகளுக்கும் சோறு போட்ட மனிதர். போய்ச் சேர்ந்தவரைப் பற்றி ஒரு சொல் குறைத்து எழுதினால் மீனாட்சி பொறுப்பாளா என்று பேனாவை மூடி வைத்துவிட்டுச் சாமி கும்பிடப் போய்விடுவேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன் வேறு. எழுத்தில் பிழை வந்தாலும் திருத்திக்கொள்ளலாம், பெரியவர்கள் விஷயத்தில் பிழை வந்தால் எங்கே போய்த் திருத்துவது?

ஆனால் போன மாதம் திருச்செந்தூர் போய்வந்த நம் பஸ் ஒரு பெரியவரை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். இனிமேல் எழுதாமல் இருப்பதுதான் பாவம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் தலைவரைப் படத்தில்தான் பார்த்திருக்கிறீர்கள். நான் அவரிடம் மேனேஜராக இருந்தவன். மேனேஜர் என்றால் பயந்துவிடாதீர்கள். பஸ் மேலே மூட்டை கட்டுவது, சத்திரத்தில் இடம் பிடிப்பது, சாம்பார் வாளியைத் தூக்குவது எல்லாம் மேனேஜர் வேலைதான். தலைவர் வேலை முன்சீட்டில் உட்கார்ந்து வழி காட்டுவது. அதை அவரைப்போலச் செய்தவர் இந்த மதுரையில் வேறு யாரும் இல்லை. பஸ் போகாத காலத்திலேயே பத்ரிக்கும் கேதாருக்கும் நடந்து போய் வந்தவர். எந்த ஊரில் புழுங்கலரிசி கிடைக்கும், எந்தச் சத்திரத்தில் மூட்டைப்பூச்சி கிடையாது, எந்தப் படித்துறையில் பண்டாப் புரோகிதர்கள் காசு அதிகம் பிடுங்க மாட்டார்கள் என்பதையெல்லாம் அவர்தான் கண்டுபிடித்தார். புதுக் கண்டம் கண்டுபிடித்தவனைப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். வடக்கே ரசம் கிடைக்கும் இடத்தைக் கண்டுபிடித்தவரைப் பாடத்தில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அவருக்கு ஒரு கொள்கை. தலையை எண்ணக்கூடாது. எண்ணினால் தலை குறையும் என்பார். நம் வீடுகளில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எண்ணினால் பெரியவர்கள் அதட்டுவதில்லையா, அந்த மாதிரி. ஆகையால் ஆள் எல்லாரும் வந்துவிட்டார்களா என்று பார்க்க ஒரு முறை வைத்திருந்தார். ரிஷிகேசத்தில் ஆளுக்கு ஒரு சிவப்புக் கம்பளி கொடுப்பார். பஸ் கிளம்பும் முன் முன்னால் நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்ப்பார். சீட்டுக்குச் சீட்டு சிவப்புத் தெரிந்தால், "செவப்பு நெறைஞ்சிருக்கு. வண்டியை எடுப்பா" என்பார். அவ்வளவுதான்.

அது நல்ல முறைதான். பனிமலையில் கம்பளியை விட்டுவிட்டு எவனும் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டான். கம்பளி இருந்தால் உள்ளே ஆள் இருக்கும். அங்கே ஒருவரைக்கூட அவர் தொலைத்ததில்லை, அது சத்தியம்.

நான் சொல்லப்போகும் அந்த யாத்திரையிலேயே ஒரு நாள் மலை சரிந்து பாதை போய்விட்டது. இந்தப் பக்கம் சேறு, அந்தப் பக்கம் பள்ளம், கீழே கங்கை இரைகிறாள். மழை வேறு. ஜனங்கள் எல்லாரும் ராமா ராமா என்று அழுகிறார்கள். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துத் தாண்டிவிட்டார். கடைசியாக நின்றவர் பேச்சியம்மா. சோழவந்தான் பக்கம் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் அம்மா. "நான் வரமாட்டேன்யா, என்னைய இங்கயே விட்டுருங்க" என்று சேற்றில் உட்கார்ந்துவிட்டார். தலைவர் திரும்பப் போனார். "ஆத்தா, உன் மகன்கிட்ட என்ன சொல்லிட்டு வந்தேன்? கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன், கையிலயே ஒப்படைப்பேன்னு சொன்னேனா இல்லையா? எந்திரி" என்று கையைப் பிடித்துத் தூக்கிக் கொண்டுவந்தார். நான் கண்ணால் பார்த்தேன்.

பேச்சியம்மாவின் மகன் பெயர் முத்துக்கருப்பன். தாயை அனுப்ப அவனுக்கு மனமே இல்லை. "எங்க ஆத்தாவுக்கு மதுரைக்கு அங்கிட்டு ஒண்ணும் தெரியாது தலைவரே. இவுகள விட்டா எனக்கு ஆளில்ல" என்று எங்கள் முன்னால் கண் கலங்கினான். தலைவர் அவன் கையில் அடித்துச் சத்தியம் செய்துதான் அழைத்து வந்தார்.

அப்படி இமயத்தில் ஒரு குறையும் இல்லாமல் முடிந்த யாத்திரை, வாடிப்பட்டியில் கவிழ்ந்தது.

ஆனி மாதம், சனிக்கிழமை காலை. திண்டுக்கல் தாண்டி வாடிப்பட்டியில் காபிக்கு நிறுத்தினோம். மதுரையில் வைகைக் கரையோரம் ஒரு கல்யாண மண்டபத்தில் பெரிய வரவேற்பு ஏற்பாடாகியிருந்தது. 'இமயம் கண்ட எம் தலைவரே வருக' என்று துணியில் எழுதிக் கட்டியிருப்பதாகத் தகவல். ரைஸ் மில் முதலாளி ஒருவர் தலைமை தாங்கி, தலைவருக்குப் பொன்னாடை போர்த்தி 'யாத்திரைச் செம்மல்' பட்டம் கொடுக்கப்போகிறார். பட்டம் எதற்காக? வாழ்நாளில் ஒரு யாத்திரிகரைக்கூடத் தொலைக்காமல் கொண்டுவந்து சேர்த்ததற்காக.

வாடிப்பட்டி வெயிலில் யார் கம்பளியைப் போர்த்துவார்கள்? ஆனாலும் தலைவர் உத்தரவு, கம்பளி சீட்டின் முதுகில் விரித்திருக்க வேண்டும். விரித்திருந்தது. தலைவர் பார்த்தார். "செவப்பு நெறைஞ்சிருக்கு" என்றார். பஸ் கிளம்பியது. நான் பின்னால் பாத்திரங்களோடு உட்கார்ந்திருந்தேன். வீடு நெருங்கிய சந்தோஷத்தில் ஜனங்கள் "ஹரஹர மகாதேவா" போட்ட சத்தத்தில் எனக்குக் காது அடைத்தது.

சமயநல்லூர் வந்ததும் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். ராகுகாலம். ராகுகாலத்தில் ஊருக்குள் நுழையக்கூடாது என்று ஒரு புளியமரத்தடியில் பஸ்ஸை நிறுத்திவிட்டார். எல்லாரும் இறங்கி நிழலில் துண்டை விரித்தார்கள். தலைவர் மட்டும் ரோட்டோரம் நின்று, பட்டம் வாங்கியதும் பேசவேண்டிய பேச்சை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, போகிற வருகிற வண்டிகளுக்கெல்லாம் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். தெரிந்தவர், தெரியாதவர் பேதம் அவருக்குக் கிடையாது.

நான் மோர் வாளியோடு ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்தேன். பேச்சியம்மாவைக் காணோம். பஸ்ஸுக்குள் ஏறிப் பார்த்தேன். அவர் சீட்டில் கம்பளி இருந்தது. அவர் மடியைவிட்டு இறக்காத கங்கைச் செம்பு இல்லை. குதித்து இறங்கித் தலைவரிடம் ஓடினேன்.

"தலைவரே, பேச்சியம்மாவைக் காணோம்."

"கம்பளி இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்னப்பா?"

"கம்பளி இருக்கு தலைவரே. ஆள் இல்லை."

"எம்புட்டு வருசமா இந்த வேலை பாக்குறேன். கம்பளி என்னைக்கும் பொய் சொன்னதில்ல. நீதான் வெயில்ல கண்ணு மங்கித் திரியுற. மோரை மொதல்ல நீ குடி."

டிரைவர் பதறிப்போய் வந்தார். "அண்ணே, வண்டியத் திருப்பட்டுமா? வாடிப்பட்டியிலதான் விட்டுருக்கணும்."

"ராகுகாலத்துல திருப்புனா இன்னும் ரெண்டு கொறையும். காசியில இருந்து வர்ற வண்டி மறுபடி வடக்க பாத்து மூஞ்சியத் திருப்புனா, பாக்குறவன் என்ன நெனைப்பான்?"

"ஒண்ணும் நெனைக்க மாட்டான்ணே. எதையோ மறந்துட்டு வந்துட்டாங்கன்னு நெனைப்பான்."

"அதைத்தான்யா நெனைக்கக்கூடாதுங்கறேன்!"

சொல்லிவிட்டுத் தலைவர் பஸ்ஸுக்குள் ஏறினார். அந்தக் கம்பளியைத் தூக்கிப் பார்த்தார். அதன் அடியில் ஆள் இருக்கும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. இறங்கும்போது குரல் இறங்கியிருந்தது.

"அவ மகன் மண்டபத்துல வந்து நிப்பான்ல?"

"விடியக்காலையிலேயே வந்திருப்பான்."

என் காதருகே வந்தார். "நீ போ தம்பி. எந்த வண்டி கெடைச்சாலும் ஏறி வாடிப்பட்டிக்குப் போ. கூட்டிக்கிட்டு நேரா மண்டபத்துக்கு வந்துரு. நான் அவன் பேரைக் கடைசியாக் கூப்பிடுறேன். ஒருத்தருக்கும் மூச்சு விடாத."

எதிரே வந்த பஸ்ஸில் ஏறினேன். ஏறின நிமிஷத்திலிருந்து மீனாட்சியையும் அழகரையும் மாறி மாறிக் கூப்பிட்டேன். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, கையில் ஒரு செம்புத் தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை. அவன் தாயை ஒப்படைக்காமல் அந்தப் பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பது?

வாடிப்பட்டிக் காபிக் கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே சிரித்தார்.

"செம்பு வச்சிருந்த அம்மாவத் தேடி வந்தீகளா? பின்னாடி பம்புசெட்டுல மூஞ்சி கழுவப் போச்சு. நீங்க கெளம்பவும் பஸ்ஸு பின்னாடியே ஓடுச்சு. கத்துன கத்துல என் கடைப் பாலே திரிஞ்சிருக்கும். உங்களுக்கு எங்கிட்டுக் கேக்கும்? உள்ளுக்குள்ள மகாதேவனைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தீக. அவருக்காவது கேட்டுச்சா?"

"இப்ப எங்கண்ணே இருக்காங்க?"

"ஒரு மூச்சு அழுதுச்சு. அப்புறம் மூக்கச் சிந்திப்புட்டு, 'பத்ரிக்குப் போயிட்டு வந்தவளுக்கு மதுரைக்கு வழி தெரியாதாக்கும்'னுச்சு. திண்டுக்கல்லுல வெத்தலை எறக்கிட்டு மதுரைக்குப் போற லாரி ஒண்ணு வந்துச்சு. இவுக ஊர்க்காரன்தான். கைகாட்டி ஏறிக்கிருச்சு. மண்டபத்துக்குத்தான் போகுதாம். நீங்கதான் இப்பப் பின்தங்கிட்டீக."

பதைத்துத் திரும்பினேன். நான் வந்து சேர்வதற்குள் மண்டபத்தில் நடந்ததை என் வீட்டுக்காரி சொல்லித்தான் அறிந்தேன். அவள் என்னை வரவேற்க ஆரத்தித் தட்டோடு வந்திருந்தாள்.

நாதசுரம், மாலை, ஆரத்தி எல்லாம் முடிந்து, மேடையில் ஒப்படைப்பு நடந்திருக்கிறது. ஒவ்வொரு யாத்திரிகரின் கையையும் எடுத்துத் தலைவர் வீட்டார் கையில் வைப்பார், சபை கைதட்டும். கங்கைச் செம்போடு ராமேஸ்வரம் போய் அபிஷேகம் முடிப்பது அதற்குப் பிறகு அவரவர் குடும்பத்தின் பொறுப்பு. எல்லாரும் முடிந்து முத்துக்கருப்பன் பேரைக் கூப்பிடும்போது தலைவர் முன்வரிசையைக் கவனிக்காமல் வாசலையே பார்த்தாராம். வாசல் வழியாக யாரும் வரவில்லை. முன்வரிசையிலிருந்து முத்துக்கருப்பன் எழுந்தான். அவன் கையில் பேச்சியம்மாவின் கை இருந்தது.

"தலைவரே, நீங்க ஒப்படைக்க வேண்டிய ஆளு எங்ககிட்ட எப்பவோ வந்து சேந்துருச்சு. எங்க ஆத்தா இங்க வந்து உக்காந்து ரெண்டு சோடா குடிச்சிருச்சு."

ரைஸ் மில் முதலாளி பொன்னாடையைப் பிரித்த கையோடு நிற்கிறார்.

தலைவர் மெல்லச் சிரித்தார். "வந்துருச்சுல்ல? நாந்தானப்பா முன்னால அனுப்பி வச்சேன்."

"ஆத்தா லாரில வந்துச்சு தலைவரே!"

"லாரிலதானப்பா அனுப்பி வச்சேன். வயசான மனுசி, ராகுகாலம் முடியுற வரைக்கும் மரத்தடியில காயணுமா?"

முத்துக்கருப்பன் தாயைத் திரும்பிப் பார்த்தான். சபையும் பார்த்தது. தலைவரின் பட்டம், அவர் நடந்த மலை, அவர் படம் இன்று மாட்டியிருக்கும் இந்தச் சுவர், எல்லாம் அந்த அம்மாவின் நாக்கு நுனியில் நின்றன.

"ஆமாய்யா" என்றார் பேச்சியம்மா. "சமயநல்லூருல நாங்க தாண்டுறப்ப, ரோட்டுல நின்னு கையை ஆட்டிப் போ போன்னு சொன்னாரு. நானும் செம்பத் தூக்கிக் காட்டிட்டுத்தான் வந்தேன்."

மண்டபமே இடிந்துவிழுகிற மாதிரி கைதட்டல். ஊருக்குள் நுழையும் முன்பே வயசானவரை முன்னால் அனுப்பிப் பத்திரமாகச் சேர்த்த தீர்க்கதரிசி என்று முதலாளி மைக்கில் சொல்லிப் பொன்னாடையைப் போர்த்தினார்.

இத்தோடு முடிந்திருந்தால் எல்லாருக்கும் நல்லது. என் வீட்டுக்காரி சும்மா இருக்கவில்லை. ஆரத்தித் தட்டோடு எழுந்து நின்று, "எல்லாரையும் ஒப்படைச்சீக. எம் புருசன எங்க?" என்று கேட்டுவிட்டாள்.

தலைவர் என்ன சொல்வார் பாவம். பேச்சியம்மாவைத் தேடிப் போனான் என்றால் போர்த்திய பொன்னாடையைக் கழற்ற வேண்டும்.

"உம் புருசனா? வாடிப்பட்டியில காபி குடிக்க எறங்கினவன் பஸ்ஸை விட்டுட்டாம்மா! பனிமலையில ஒரு ஆளைத் தொலைச்சதில்ல நான். கடைசியில தொலைச்சது என் மேனேஜரை!"

சிரிப்பு அடங்கவில்லை. சரியாக அந்த நேரத்தில், சட்டையெல்லாம் வியர்வையும் கையில் வார் அறுந்த செருப்புமாக நான் வாசலில் வந்து நின்றேன். "இந்தா வந்துட்டான்ல!" என்று தலைவர் மைக்கிலேயே சொன்னார். இரண்டாம் முறை சிரித்தார்கள். நான் முன்வரிசையைப் பார்த்தேன். பேச்சியம்மா மகன் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மீனாட்சி தாயே, அது போதும் என்று நானும் சிரித்துவைத்தேன். படியிறங்கும்போது தலைவர் என் தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். 'மன்னிச்சுக்க' என்றா, 'பேசாதே' என்றா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அடுத்த வருஷம் கம்பளி முறை இல்லை. ஏன் இல்லை என்று தலைவர் சொல்லவும் இல்லை. அதற்குப் பதில் பஸ் படி பக்கத்தில் நின்றுகொண்டு, ஏறுகிற ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்தார். ஜனங்களுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. குனிந்து வாங்கிக்கொண்டார்கள். அவர் உதடு அசைவதைப் பார்த்து, என்ன மந்திரமோ என்று பயபக்தியோடு உள்ளே போனார்கள். நான் தண்ணீர்ப் பானையோடு பக்கத்தில் நின்றதால் எனக்கு மட்டும் காதில் விழுந்தது. களத்தில் நெல் அளக்கிறவர்கள் ஒன்று என்பதற்குப் பதில் லாபம் என்று ஆரம்பிப்பார்கள் அல்லவா, அதே மாதிரி. "லாபம்... ரெண்டு... மூணு..."

தலையை எண்ணாதே என்று ஊருக்கெல்லாம் சொன்ன வாயால் எண்ணிக்கொண்டிருந்தார். யாருக்கும் தெரியாமல், ஒருவரையும் விடாமல்.

அந்த வருஷம் ஒரு நாள் பயணமாக ராமேஸ்வரம் போனபோது பேச்சியம்மாவும் வந்தார். தலையில் கை விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தத் தடவை என்னைய எண்ணிட்டீகளா?"

தலைவர் கை அப்படியே நின்றது. "எண்ணிட்டேன் ஆத்தா."

"நல்லா அழுத்தி எண்ணுங்க. கம்பளி வேற, தல வேற."

வழியில் மோர் கொடுக்கும் சாக்கில் நான் அவரிடம் கேட்டேன். "அன்னைக்கு அவர் உங்களைப் பாத்துத்தான் கையை ஆட்டினாருன்னு நெசமாவே நெனைச்சீங்களா?"

"போப்பா. லாரியப் பாத்தாலும் ஆட்டுவாரு, எருமையப் பாத்தாலும் ஆட்டுவாரு. எனக்குத் தெரியாதாக்கும்? சேத்துல உக்காந்தவளத் திரும்பி வந்து கையைப் புடிச்சுத் தூக்குன மனுசன். நாலு பேரு முன்னால அவரைத் தல குனிய விட்டா, நான் குளிச்ச கங்கைக்கு என்ன மருவாதி?"

தம்பிகளா, அவர் காலமான பிறகு ஆபீஸில் போட்ட நினைவு மலரை நீங்கள் படித்திருப்பீர்கள். சமயநல்லூரிலிருந்து வாடிப்பட்டிக்குத் தலைவர் வெறுங்காலோடு ஓடி, பேச்சியம்மாவைத் தோளில் சுமந்து வந்ததாக அதில் இருக்கிறது. அந்த உடம்பு ராகுகாலத்தில் நடக்கவே நடக்காது, ஓடுவது எங்கே? கவனக்குறைவால் பஸ்ஸைத் தவறவிட்ட ஊழியரைப் பெருந்தன்மையோடு மன்னித்தார் என்றும் இருக்கிறது. அது நான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவரைப் போன்றவர் தொலைத்த ஒரே ஆள் என்பதும் ஒரு பட்டம்தானே, பொன்னாடை இல்லாவிட்டால் போகிறது.

என் வருத்தம் வேறு. இப்போது நம் பஸ்களில் 'தலைவர் ஆசி' என்று ஒரு சடங்கு நடக்கிறது. டேப் ரிக்கார்டரில் நாதசுரம் ஓடுகிறது. படி பக்கத்தில் நின்று மஞ்சள் அரிசி தூவி, ஒவ்வொருவர் தலையிலும் கை வைக்கிறீர்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. திருச்செந்தூரில் நீங்கள் விட்டு வந்த பெரியவரைப் போன வாரம் அவர் வீட்டில் போய்ப் பார்த்தேன். அவருக்குக் கோபம் இல்லை. "ரெண்டு தடவை ஆசி குடுத்தாக தம்பி, புண்ணியவான்க. ஒரு தடவை எண்ணியிருக்கலாம்" என்றார்.

அதனால் இதை உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது தலைவரை ஓட வைக்காதீர்கள். என்னைத் தூக்கிப் பேசாதீர்கள். பேச்சியம்மா சொன்ன பொய்யையும் அழித்துவிடாதீர்கள், தலைவர் சேற்றில் திரும்பி வந்த உண்மையையும் மறைத்துவிடாதீர்கள். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், நடந்தது நடந்தபடி போகட்டும். அரிசி தூவுவது உங்கள் இஷ்டம். கையை வைக்கும்போது மட்டும் உதடு அசையட்டும்.

லாபம். ரெண்டு. மூணு.